கையெழுத்து வாங்கிவிட்டால் போதுமா?

மனிதர்களை வைத்து உளவியல் ஆய்வோ மூளை ஆய்வோ செய்கிறவர்கள் அதிகம் சறுக்குவது ஒப்புதல் படிவத்தில்தான். பொடி எழுத்தில் நாலு பக்கம், கடைசியில் ஒரு கையெழுத்து, அத்தோடு நெறிமுறை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். "எப்போது வேண்டுமானாலும் விலகலாம்" என்ற வரி அதில் இருக்கும்தான், ஆனால் நிஜமாகவே எழுந்து போகிற சுதந்திரம் அந்த அறையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனையைப் பாருங்கள். வந்ததற்கே பணம், அது எப்படியும் உங்களுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அப்படியும், இன்னொருவருக்கு மின்அதிர்ச்சி கொடுப்பதாக நம்பி (அதிர்ச்சி பொய், அந்த ஆளும் நடித்தவர்) வியர்த்துத் திக்கித் திணறி "போதும்" என்றவர்களிடம், "வேறு வழியில்லை, நீங்கள் தொடர்ந்தே ஆகவேண்டும்" என்று சோதனையை நடத்தியவரைச் சொல்ல வைத்தார் மில்கிராம். முதலில் வெளியான முடிவில் 40 பேரில் 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரை போனார்கள். படிவத்தில் என்ன எழுதியிருந்தாலும் அந்த ஒரு வாக்கியம் அதை அழித்துவிடும்.

ஸ்கேன் அறையிலும் இதே கதைதான். எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்திருப்பவர் கையில் அழுத்துவதற்கு ஒரு பந்து கொடுப்பார்கள். அவர் அழுத்தினால் உடனே வெளியே எடுங்கள், "இன்னும் ரெண்டே நிமிஷம்" வேண்டாம்.

அப்புறம், தன் வகுப்பு மாணவர்களையே ஆய்வுக்குக் கூப்பிடுவது. மதிப்பெண் போடுகிற ஆசிரியர் கேட்டால் யார் மறுப்பார்கள்?

நிறுத்தும் முடிவை ஆய்வாளர் தன் கையிலேயே வைத்துக்கொள்வதும் ஆபத்து. மாணவர்களைக் கைதிகளாகவும் காவலர்களாகவும் நடிக்க வைத்த 1971 ஸ்டான்ஃபோர்ட் சிறைச் சோதனையில், ஆய்வை நடத்திய ஃபிலிப் சிம்பார்டோவே சிறைக் கண்காணிப்பாளராகவும் உட்கார்ந்துகொண்டார். இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டது 6 நாளில் நின்றது, அதுவும் வெளியிலிருந்து பார்க்க வந்த உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் சண்டை போட்ட பிறகு.

ஆய்வுக்காகப் பொய் சொல்லியிருந்தால், ஆள் கிளம்புவதற்கு முன் உட்காரவைத்து உண்மையைச் சொல்லிவிடுங்கள், மின்னஞ்சலில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஸ்கேனில் தற்செயலாகக் கட்டி மாதிரி ஏதாவது தெரிந்தால் யார் பார்ப்பது, யார் சொல்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பெயரை எடுத்துவிட்டதாலேயே அடையாளம் மறைந்துவிட்டது என்றும் நம்பவேண்டாம். தலை ஸ்கேனில் மூளையோடு முகத்தின் வடிவமும் பதிந்திருக்கும், தரவைப் பகிர்வதற்கு முன் அதையும் நீக்க வேண்டும்.