கிராமத்து கவுண்டிக்குக் குடிபோகும் முன்: அரசுப் பள்ளிப் புள்ளிவிவரத்தைப் படிக்கும் முறை

அமெரிக்காவில் ஜே-1 பயிற்சி விசாவில் ரெசிடென்சி (மருத்துவ மேற்பயிற்சி) முடித்த மருத்துவர்களுக்குக் கான்ராட் 30 வெய்வரில், அதாவது பயிற்சிக்குப் பின் நாடு திரும்பும் நிபந்தனையிலிருந்து தரும் விலக்கில், கிடைக்கும் வேலைகளில் பல, பெருநகரத்திலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளியிருக்கும் கவுண்டிகளில்தான் (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு) இருக்கின்றன. ஒப்பந்தம் மூன்று ஆண்டு. காற்றாலை, இறைச்சி ஆலை, சிறு கல்லூரி என்று வேறு வேலைகளுக்காக அமெரிக்கக் கிராமப்புறம் போகிறவர்களும் உண்டு. கையெழுத்துப் போடுமுன் பெரும்பாலானவர்கள் பார்ப்பது, வீடு தேடும் தளத்தில் பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை ரேட்டிங் என்பதை மட்டும். டல்லாஸ் புறநகருக்கு அது ஓரளவு உதவும். ஒரு வகுப்பில் மொத்தமே 14 பிள்ளைகள் படிக்கும் ஊருக்கு உதவாது. அங்கே எந்தச் சதவீதத்தைக் கண்டாலும் அதன் பின்னால் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள் என்று தலைக்கணக்காக மாற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

எந்த டிஸ்ட்ரிக்ட்?

பள்ளியை நடத்துவது பெரும்பாலும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எனும் தனி உள்ளூர் நிர்வாகம். கவுண்டியின் பெயரை வைத்துத் தேடினால் வழி தவறலாம். ஃப்ளோரிடாவிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் கவுண்டியும் டிஸ்ட்ரிக்டும் ஒன்றே. டெக்சாஸில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிஸ்ட்ரிக்டுகள் கவுண்டி எல்லையைப் பற்றிக் கவலைப்படாமல் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. கென்டக்கியிலும் ஜார்ஜியாவிலும் கவுண்டி டிஸ்ட்ரிக்டுக்கு நடுவிலேயே ஊருக்கென்று தனி டிஸ்ட்ரிக்ட் இருக்கும் இடங்கள் உண்டு. இல்லினாய், மொன்டானா, கலிபோர்னியாவில் எட்டாம் வகுப்பு வரை ஒன்று, உயர்நிலைப் பள்ளிக்கு வேறொன்று என்று பிரிந்திருக்கலாம். அப்படியானால் இரண்டின் கணக்கையும் பார்க்க வேண்டும். வீட்டு விளம்பரத் தளங்களின் எல்லைக்கோடு கிராமச் சாலைகளில் பிசகுவது சகஜம். டிஸ்ட்ரிக்டின் பஸ் பிரிவுக்குத் தொலைபேசி செய்து முகவரியைச் சொல்லி உறுதி செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை.

டிஸ்ட்ரிக்ட் தெரிந்ததும் தேசியக் கல்விப் புள்ளிவிவர மையமான என்சிஇஎஸ் தளத்தில் அதன் பக்கத்தைத் திறக்கவும். அதில் இருப்பிடக் குறியீடு ஒன்று இருக்கும். 41, 42, 43 மூன்றும் கிராமம். 41 என்றால் நகரத்தின் ஓரம். 43 என்றால் பெரிய நகர்ப்பகுதியிலிருந்து 25 மைலுக்கும் சிறு நகரிலிருந்து 10 மைலுக்கும் அப்பால். 43 ஆக இருந்தால் ஓர் ஆசிரியர் விலகும்போது பக்கத்து ஊரிலிருந்து இன்னொருவர் தினமும் வந்து போக முடியாது, பள்ளி பிடிக்காவிட்டால் மாற்றிச் சேர்க்கவும் வேறு பள்ளி இருக்காது. பின்னால் வரும் எண்கள் எல்லாவற்றையும் இந்த நினைவோடு படியுங்கள். ஓர் எச்சரிக்கை: 2025 மார்ச்சில் என்சிஇஎஸ் பணியாளர்களில் பெரும்பாலோர் நீக்கப்பட்டார்கள். ஆகவே கடைசி ஆண்டுக் கணக்குக்குப் பள்ளிகளைப் பற்றி மாநிலக் கல்வித் துறை வெளியிடும் ரிப்போர்ட் கார்டையே நம்புங்கள்.

இங்கேயே ஒரு பொறி உண்டு. சில கிராம டிஸ்ட்ரிக்டுகள் மாநிலம் முழுவதற்குமான ஆன்லைன் பள்ளியைத் தங்கள் பெயரில் நடத்துகின்றன. கிழக்கு டெக்சாஸில் ஹேரிசன் கவுண்டியிலுள்ள ஹால்ஸ்வில் டிஸ்ட்ரிக்ட் அப்படிப்பட்டது. டெக்சாஸ் வர்ச்சுவல் அகாடமியில் சேர்ந்தவர்களையும் சேர்த்து எண்ணுவதால் அதன் மாணவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்ப் பக்கமே வராதவர்கள். சிறிய ஊருக்குப் பொருந்தாத மாணவர் எண்ணிக்கை தென்பட்டால் டிஸ்ட்ரிக்ட் சராசரியை ஒதுக்கிவிட்டு, உங்கள் பிள்ளை நேரில் போகப்போகும் பள்ளியின் வரியை மட்டும் படியுங்கள்.

வகுப்புவாரி எண்ணிக்கை

தேர்வு மதிப்பெண்ணுக்கு முன் பார்க்க வேண்டியது இது. மழலையர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாணவர் எண்ணிக்கையை ஐந்து ஆண்டுக்கு ஒரு விரிதாளில் இறக்குங்கள்: மேலிருந்து கீழாக வகுப்பு, இடமிருந்து வலமாக ஆண்டு. பிறகு மூலைவிட்டமாகப் படியுங்கள். அதாவது 2021இல் எட்டாம் வகுப்பில் இருந்தவர்கள் 2022இல் ஒன்பதில் எத்தனை பேர்?

கற்பனைக் கணக்கு ஒன்று: எட்டில் 24, அடுத்த ஆண்டு ஒன்பதில் 17. ஓர் ஆண்டு மட்டும் என்றால் சில குடும்பங்கள் ஊர் மாறியிருக்கலாம். மூன்று ஆண்டும் இதே சரிவு என்றால், உள்ளூர்ப் பெற்றோர் உயர்நிலைப் பள்ளிக்குப் பிள்ளைகளைப் பக்கத்து டிஸ்ட்ரிக்டுக்கோ தனியார் பள்ளிக்கோ அனுப்புகிறார்கள் என்று பொருள். எந்த ரேட்டிங்கிலும் இது தெரியாது. ஊர்க்காரர்களின் தீர்ப்பு இந்த ஏழு தலையில் இருக்கிறது. மறுபக்கம், ஒன்பதில் திடீரென்று கூடினால் பக்கத்து எட்டாம் வகுப்புப் பள்ளிகளிலிருந்து வருகிறார்கள்.

அடுத்தது மழலையர் வகுப்பையும் பன்னிரண்டையும் ஒப்பிடுவது. 12ஆம் வகுப்பில் 31, மழலையரில் 18 என்றால் பள்ளி சுருங்குகிறது. மாநில நிதி பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்றே வருவதால், முதலில் போவது இசை, இரண்டாவது மொழி, உயர்கணிதம். அதன்பிறகு இரண்டு பள்ளிகளை இணைக்கும் பேச்சு வரும், பஸ் பயணம் நீளும்.

தேர்வுச் சதவீதம்

2015இல் வந்த ஈஎஸ்எஸ்ஏ எனும் கூட்டரசுக் கல்விச் சட்டப்படி எல்லா மாநிலங்களும் மூன்று முதல் எட்டு வரை ஆண்டுதோறும் ஆங்கில வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு வைக்கின்றன, உயர்நிலையில் ஒருமுறை. சிறிய பள்ளியில் இந்த அட்டவணையைத் திறந்தால் பாதிக் கட்டங்களில் நட்சத்திரக் குறிதான் இருக்கும். பிள்ளைகளின் அந்தரங்கம் கருதி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே இருந்தால் மாநிலம் மறைத்துவிடும். எதையோ ஒளிக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம்.

மறைக்காத கட்டங்களும் ஆட்டம் காண்பவை. 14 பேரில் 7 பேர் தேறினால் 50 சதவீதம். இன்னும் ஒரு பிள்ளை தேறினால் 57. இந்த அளவு வகுப்பில் வெறும் தற்செயலால் 25 புள்ளி மேலும் கீழும் போகலாம். "கணிதம் 36இலிருந்து 64க்கு உயர்ந்தது" என்று டிஸ்ட்ரிக்ட் முகப்பில் போட்டிருந்தால், ஐந்து பேர் ஒன்பது பேரானார்கள் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தப்பிக்க ஒரே வழி கூட்டுவது: மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளின் தேறியவர் எண்ணிக்கையை மூன்று ஆண்டுக்குக் கூட்டி, எழுதியவர் எண்ணிக்கையால் வகுக்கவும். நூறு பேருக்கு மேல் சேர்ந்தால் ஆட்டம் பத்துப் புள்ளி அளவுக்கு அடங்கும். சதவீதங்களைச் சராசரி எடுக்காதீர்கள். எட்டுப் பேர் வகுப்புக்கும் இருபது பேர் வகுப்புக்கும் ஒரே எடை போய்விடும். 2020இல் தேர்வே நடக்கவில்லை, 2021இல் பல இடங்களில் எழுதியவர்கள் குறைவு. அந்த இரண்டு ஆண்டையும் தாண்டிவிடுங்கள்.

"தேர்ச்சி" எந்தக் கோடு என்பதையும் கவனிக்கவும். டெக்சாஸின் மாநிலத் தேர்வான ஸ்டாரில் அப்ரோச்சஸ், மீட்ஸ், மாஸ்டர்ஸ் என்று மூன்று கோடுகள். விளம்பரத் தாளில் வருவது பெரும்பாலும் மிகத் தாழ்ந்த அப்ரோச்சஸ். மேல்வகுப்புக்குத் தயாராக இருக்கிறார்களா என்று பார்க்க மீட்ஸ் வரியைப் படியுங்கள். இரண்டு மாநிலங்களில் வேலை வந்திருந்தால் இந்தச் சதவீதங்களை அருகருகே வைக்கவே கூடாது, ஒவ்வொரு மாநிலத்தின் கோடும் ஒவ்வோர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கல்வித் தரவுக் காப்பகம் இருக்கிறது. எல்லா மாநிலத் தேர்வுகளையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து, டிஸ்ட்ரிக்டுக்கும் கவுண்டிக்கும் தரும் எண்களில் இரண்டைப் பாருங்கள்: சராசரி மதிப்பெண், ஆண்டுக்கு எவ்வளவு கற்கிறார்கள் என்ற வேகம். சராசரி பெரும்பாலும் வீட்டு வருமானத்தைக் காட்டும்; பள்ளியின் வேலையை வேகமே கூடுதலாகக் காட்டும். சராசரி தாழ்ந்து, வேகம் தேசிய அளவைத் தாண்டும் கிராம டிஸ்ட்ரிக்ட் கிடைத்தால் மேலும் விசாரிப்பது நல்லது.

சிறிய பள்ளிக்குத் தேர்வைவிட நம்பகமான எண் ஒன்று உண்டு: தொடர்ந்து வராதவர் விகிதம். பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் வராதவர்கள். 180 நாளில் 18. எல்லா வகுப்பையும் சேர்த்து எண்ணுவதால் ஒரு பிள்ளையால் எண் துள்ளாது.

இலவச மதிய உணவு விகிதம் 100 என்று இருந்தால் பதற வேண்டாம். ஏழைப் பிள்ளைகளின் விகிதம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டும் பள்ளிகள் சேரக்கூடிய சமூகத் தகுதித் திட்டத்தில், சேர்ந்த பள்ளியில் எல்லாருக்குமே இலவசம். சேர்வதற்கான வரம்பையும் 2023இல் 40 சதவீதத்திலிருந்து 25க்கு இறக்கிவிட்டார்கள். வறுமை தெரிய "நேரடிச் சான்று" வரியைத் தேடவும்; குடும்பம் வேறு அரசு உதவித் திட்டங்களில் இருப்பதால் தகுதி பெற்ற பிள்ளைகள் இவர்கள். (மாதாந்திர உணவுப் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள். மாட்டுப் பண்ணை நாட்டில் சைவப் பிள்ளைக்கு டப்பாதான் வழி.)

ஆசிரியரும் பாடமும்

மாணவர்-ஆசிரியர் விகிதம் நாட்டளவில் சுமார் 15. கிராமத்தில் 9, 10 என்று பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். சிறப்புக் கல்வி, உடற்கல்வி ஆசிரியர்களும் அதில் அடக்கம். உயர்நிலைப் பள்ளியில் ஒரே கணித ஆசிரியர், ஒரே அறிவியல் ஆசிரியர் இருந்தால், அவர்களில் ஒருவர் விலகும் ஆண்டு பாடமே ஆன்லைனுக்குப் போகும். ஆகவே பார்க்க வேண்டியது ஆசிரியர் விலகல் விகிதம், முதல் ஆண்டு ஆசிரியர் எத்தனை பேர், முறையான சான்றிதழ் இல்லாதவர் எத்தனை பேர். டெக்சாஸ் ஆண்டுதோறும் பள்ளிகளைப் பற்றி வெளியிடும் டேப்பர் அறிக்கையில் விலகல் விகிதமும் அனுபவ ஆண்டுகளும் டிஸ்ட்ரிக்ட் வாரியாகக் கிடைக்கும்.

பாடங்களுக்குக் கூட்டரசுக் கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகம் திரட்டும் கணக்கு இருக்கிறது. சில ஆண்டு பழையது. ஆனால் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1, மேலே இயற்பியல், வேதியியல், கால்குலஸ் வகுப்புகள் எத்தனை என்று பள்ளிவாரியாக வேறெங்கும் எளிதில் கிடைக்காது. அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், கால்குலஸ் என்று ஐந்து ஆண்டுப் படி. எட்டில் தொடங்காத பிள்ளை ஓர் ஆண்டில் இரண்டு கணிதம் எடுத்தாலொழிய பன்னிரண்டில் ப்ரீகால்குலஸோடு நிற்கும். பொறியியல் கனவு உள்ள வீட்டில், மற்ற எண்களைவிட இந்த ஒரு வரி கனமானது. கல்லூரி அளவிலான ஏபி வகுப்பே இல்லையே என்று உடனே ஒதுக்கவும் வேண்டாம். பல கிராமப் பள்ளிகள் அதற்குப் பதில் சமுதாயக் கல்லூரியோடு சேர்ந்து, பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஒருசேரக் கணக்கில் வரும் டூயல் கிரெடிட் வகுப்புகளை நடத்துகின்றன. நேரடி வகுப்பா, ஆன்லைனா, கட்டணம் யார் தருகிறார் என்று கேளுங்கள். அந்த மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் அது பொதுவாகச் செல்லும். வெளிமாநிலத் தனியார் கல்லூரிகளில் ஒவ்வோர் இடத்திலும் விசாரிக்க வேண்டும்.

பணக் கணக்கில் நேரம் செலவிட வேண்டாம். தலைக்குச் செலவு கிராமத்தில் கூடுதலாகத்தான் தெரியும். ஒரு பாய்லரும் நான்கு பஸ்ஸும் டிஸ்ட்ரிக்டின் தலைமை நிர்வாகியான ஒரு சூப்பரின்டென்டென்டும் 200 பிள்ளைகளுக்கிடையே பங்கிடப்படுகின்றன. வரி வருமானம் ஒரே சுரங்கத்தையோ மின் நிலையத்தையோ எண்ணெய் வயலையோ நம்பியிருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். தேசியக் காடுகள் உள்ள மேற்குக் கவுண்டிகளில் கூட்டரசின் கிராமப் பள்ளி நிதிச் சட்டமும் இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதைப் புதுப்பிக்காமல் விட்ட ஆண்டுகள் உண்டு.

நட்சத்திரக் குறிக்குப் பின்னால்

எண் தராததை பள்ளி வாரியக் கூட்டக் குறிப்புகள் தரும். டிஸ்ட்ரிக்ட் தளத்தில் ஏப்ரல் முதல் ஜூன் வரையான மூன்று ஆண்டுக் குறிப்புகளை இறக்கி, ராஜினாமா பட்டியலை எண்ணுங்கள். மூன்று ஆண்டில் மூன்று சூப்பரின்டென்டென்ட், அல்லது கணித ஆசிரியர் பணி ஆகஸ்டிலும் காலி என்றால் அதற்கு மேல் தேட வேண்டியதில்லை. வாரத்துக்கு நான்கு நாள் பள்ளி என்ற தீர்மானமும் இங்கேதான் இருக்கும். கொலராடோவில் பாதிக்கு மேற்பட்ட டிஸ்ட்ரிக்டுகள் அப்படி நடக்கின்றன, மிசௌரியிலும் ஏராளம். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போனால் ஐந்தாம் நாள் பிள்ளை எங்கே இருக்கும் என்று இப்போதே கேட்க வேண்டும்.

பிறகு ஒரு மின்னஞ்சல். உங்கள் பிள்ளையின் வகுப்பில் இந்த ஆண்டு எத்தனை பேர், எத்தனை பிரிவு. உயர்நிலைப் பள்ளியின் பாட அட்டவணை. இந்த முகவரிக்குக் காலையில் பஸ் எத்தனை மணிக்கு, மண்சாலைக்குள் வருமா, கவுண்டி ரோட்டிலேயே நின்றுவிடுமா. பேச்சுப் பயிற்சியோ சிறப்புக் கல்வியோ தேவைப்பட்டால், பயிற்சியாளர் பள்ளியிலேயே இருக்கிறாரா, வட்டாரக் கூட்டமைப்பிலிருந்து வாரம் ஒருமுறை வருகிறாரா என்றும் எழுதிக் கேளுங்கள். சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் திறன் சோதனை வைப்பார்கள். அது சட்டப்படியான நடைமுறை, பொய் எழுத வேண்டாம். சொந்த நாட்டிலிருந்து நேரே வரும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் உதவி தேவை என்று தெரிந்தால், அதைக் கற்பிப்பவர் யார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதுதான் கேள்வி.

சிறிய டிஸ்ட்ரிக்டில் சூப்பரின்டென்டென்டே பதில் எழுதுவது உண்டு, தொலைபேசியில் அரை மணி நேரம் பேசவும் செய்வார். ஜூலையில் கேட்டால் அலுவலகத்தில் ஆள் இருக்காது. ஏப்ரலில் கேளுங்கள், அடுத்த ஆண்டு யார் போகிறார், யார் நிற்கிறார் என்பது அவருக்கே அப்போதுதான் தெரியத் தொடங்கியிருக்கும்.