பகலில் மட்டும் மறைந்த மடல்கள்

தேடல், செய்தி, அஞ்சல், அரட்டை எல்லாம் ஒரே பக்கத்தில் தரும் பழைய தளமொன்றில் 2006 முதல் எனக்கு மின்னஞ்சல் இருக்கிறது. போன மாதம் கைபேசியில் அறிவிப்பு வரும்; திறந்தால் மடல் இராது. ஸ்பாம், வடிகட்டி, தடுத்த முகவரிகள் எல்லாம் பார்த்தேன். செயலியை அழித்துத் திரும்பப் போட்டேன். நாலு நாள் வீண்.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் வந்த மடல்கள் அன்று முழுக்க அப்படியே இருந்தன. மறுநாள் காலை ஒன்பதேகாலுக்கு ஒரேயடியாகக் காலி. திருகோணமலை டவுனில் அண்ணா கடை திறக்கிற நேரம் அது!

ஓடிப்போய்ப் பார்த்தேன். திருத்தக் கொடுத்திருந்த என் பழைய கணினி போன மாதம்தான் கடைக்குத் திரும்பியிருந்தது. அதிலுள்ள தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் மென்பொருள், மடல்களைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பொப்3 முறை வழியாக, 995ஆம் போர்ட்டில் (இணைப்பு எண்) மடல்களை இறக்கியதும் சேவையகத்திலிருந்து அழித்துக்கொண்டிருந்தது. பிரதியை அங்கேயே விட்டுவைக்கும் கட்டத்தில் டிக் இல்லை.

அதே கணக்கை, மடல்களைச் சேவையகத்திலேயே வைத்துக் காட்டும் ஐமேப் முறையில், போர்ட் 993 கொடுத்துப் புதிதாகச் சேர்த்தேன். இறங்கியிருந்த 41 மடல்களையும் அதன் இன்பாக்ஸுக்கு இழுத்துவிட்டேன். கைபேசியில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பெரிய நிம்மதி.

பொப் கணக்கை மட்டும் அவசரப்பட்டு முதலில் நீக்கிவிடாதீர்கள். மடல்களின் ஒரே பிரதி அதற்குள்தான் இருக்கும்.