மருத்துவம் நம் பரிணாமத்தை மாற்றுகிறதா? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

“அந்தக் காலத்தில் பலவீனமான குழந்தைகள் பிழைக்கவில்லை. இப்போது எல்லாரும் பிழைத்துக்கொள்கிறார்கள். அதனால் மனித இனமே நலிந்துகொண்டு வருகிறது.” இப்படி யாராவது சொன்னால் தலையாட்டவும் வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். சரிபார்க்கக்கூடிய கூற்று இது. ஒரு தாள், வர்க்கமூலம் போடத் தெரிந்த ஒரு கால்குலேட்டர், பள்ளிக்கூட அளவு மரபியல் இருந்தால் போதும்.

கேள்வியைச் சிறிதாக்குங்கள்

‘மருத்துவம்’ என்று மொத்தமாக எடுத்தால் கணக்கே போட முடியாது. ஒரு நோய், அதற்கு ஒரு சிகிச்சை என்று பிரித்துக்கொள்ளுங்கள். அதற்கு மூன்று எண்கள் வேண்டும். எத்தனை பிறப்புக்கு ஒருவருக்கு அந்த நோய் வருகிறது? சிகிச்சை வருவதற்கு முன் அவர்கள் மற்றவர்களோடு ஒப்பிட்டால் எவ்வளவு குழந்தைகள் பெற்றார்கள்? சிகிச்சைக்குப் பின் எவ்வளவு?

பரிணாமக் கணக்கில் ‘தகுதி’ என்றால் உடல் வலிமை இல்லை, அடுத்த தலைமுறைக்குப் போகும் குழந்தைகளின் எண்ணிக்கைதான். மற்றவர்கள் சராசரியாக 2 குழந்தைகள் பெறும்போது நோயாளிகள் சராசரியாக 1.6 பெற்றால் அவர்கள் தகுதி 0.8, இழப்பு 0.2. ஒருவர் நூறு வயது வரை திடமாக வாழ்ந்து குழந்தை இல்லாமல் போனால், இந்தக் கணக்கில் அவர் தகுதி பூஜ்யம். இது மனிதரின் மதிப்பைச் சொல்லும் எண்ணே இல்லை. இதைக் குழப்பிக்கொள்வதில்தான் பாதி விவாதங்கள் தடம் புரள்கின்றன.

அடுத்து வயதைப் பாருங்கள். 65 வயதில் செய்யும் இதய அறுவை சிகிச்சை உயிரைக் காக்கிறது, ஆனால் குழந்தை பெற்று முடித்த பிறகு. மரபணுக் கணக்கில் அதன் விளைவு ஏறக்குறைய ஒன்றும் இல்லை. மூளை நரம்புகளைச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டன் பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் தலைகாட்டுகிறது. அதனால்தான் மருந்து இல்லாத காலத்திலும் இயற்கைத் தேர்வால் அதை முழுவதும் அகற்ற முடியவில்லை. குழந்தைப் பருவத்திலும் இளமையிலும் தாக்கும் நோய்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. பழைய சமூகங்களில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ பாதி வளர்ந்து பெரியவர்களாகவில்லை. 2022-இல் உலக அளவில் 5 வயதுக்குள் இறந்தவர்கள் 1000 பிறப்புக்கு சுமார் 37 பேர். இது மாபெரும் மாற்றம். ஆனால் வயிற்றுப்போக்கிலும் அம்மையிலும் இறந்த குழந்தைகளில் பெரும்பாலோர் இறந்தது கெட்ட தண்ணீராலும் பட்டினியாலும் நெரிசலாலும். அவர்கள் மரபணு ‘மோசம்’ என்பதால் அன்று. மரபணு வேறுபாட்டால் நேராத சாவைத் தடுத்தால் பரிணாமம் அசையாது. உயிர் பிழைத்தவர் எண்ணிக்கையை அப்படியே ‘தேர்வு குறைந்துவிட்டது’ என்று மொழிபெயர்ப்பது பெரிய தவறு.

ஒடுங்கு நோய்: ஆயிரம் ஆண்டுக் கணக்கு

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒரு மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் வரும் நோய் ஒடுங்கு நோய். ஃபீனைல்கீட்டோனூரியாவை எடுத்துக்கொள்வோம். ஃபீனைல் அலனின் என்ற அமினோ அமிலத்தை உடலால் சிதைக்க முடியாமல் அது தேங்கி, குழந்தையின் மூளை பாதிக்கப்படும். 1950-களில் உணவுக் கட்டுப்பாட்டுச் சிகிச்சை வந்தது. 1960-களில் ராபர்ட் கத்ரியின் முறைப்படி, பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த ஒரு துளி ரத்தத்தில் நோயைக் கண்டுபிடிக்க முடிந்தது. முன்பு குழந்தை பெறும் வாய்ப்பே அநேகமாக இல்லாதவர்கள் இன்று பெற்றோராகிறார்கள்.

கணக்குக்கு 10,000 பிறப்புக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 0.0001. நோய்க்கு இரண்டு பிரதிகளும் பழுதாக வர வேண்டும் என்பதால் இதன் வர்க்கமூலத்தை எடுங்கள்: 0.01. மக்கள்தொகையில் உள்ள பிரதிகளில் நூற்றில் ஒன்று பழுதான அல்லீல் (அல்லீல் என்றால் ஒரு மரபணுவின் ஒரு வடிவம்) என்று பொருள். நோயின்றி அதைச் சுமக்கும் கடத்திகள் எத்தனை பேர்? 2 × 0.99 × 0.01 = 0.0198. ஏறத்தாழ 50 பேருக்கு ஒருவர். 1908-இல் ஹார்டியும் வைன்பெர்க்கும் தனித்தனியே சொன்ன சமன்பாடுதான் இது.

இப்போது சிகிச்சையை நுழையுங்கள். முன்பு ஒவ்வொரு தலைமுறையிலும் நோயாளிகளோடு 0.0001 அளவு பழுதான அல்லீல் வெளியேறிக்கொண்டிருந்தது. அந்த இழப்பைப் புதிய சடுதி மாற்றங்கள் (மரபணுவில் திடீரென நேரும் மாற்றங்கள்) முழுவதும் ஈடுகட்டிவந்தன என்று, மருத்துவத்துக்குப் பாதகமாகவே, மிகையாக வைத்துக்கொள்வோம். இழப்பு நின்றதும் தலைமுறைக்கு 0.0001 கூடும். நோய் இரு மடங்காக, அல்லீல் 0.01-இலிருந்து 0.0141-க்கு ஏற வேண்டும். அதற்கு 41 தலைமுறைகள். தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் 1000 ஆண்டுக்கு மேல். உண்மையில் ஒரு மரபணுவின் சடுதி மாற்ற வேகம் இதைவிட மிகவும் குறைவு. ஆகவே காலம் இன்னும் நீளும்.

ஒரு எச்சரிக்கை. சிகிச்சை வந்ததும் தகுதியை 1 என்று எழுதிவிடாதீர்கள். இந்த நோயுள்ள பெண் கர்ப்ப காலத்தில் உணவுக் கட்டுப்பாட்டை விட்டுவிட்டால், தாயின் ரத்தத்தில் ஏறிய ஃபீனைல் அலனின் கருவின் மூளையையும் இதயத்தையும் தாக்கும். குழந்தைக்கு நோயே இல்லாவிட்டாலும் இது நடக்கும்.

இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். இதைச் செய்யாமல் யாரும் ‘மரபணுத் தூய்மை’ பற்றிப் பேசக் கூடாது. நோயாளிகளில் ஒருவர்கூடக் குழந்தை பெறாவிட்டாலும், அல்லீல் 0.01-இலிருந்து பாதியாக 100 தலைமுறைகள், அதாவது 2500 ஆண்டுகள் ஆகும். காரணம் எளிது: பழுதான அல்லீல்களில் 99 சதவீதம் எந்த நோயும் இல்லாத கடத்திகளிடம் இருக்கின்றன. அமெரிக்காவில் இண்டியானா மாநிலம் 1907-இல் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியது. ஜெர்மனியில் நாஜி அரசு 1933-இல் அதேபோல் செய்து, லட்சக்கணக்கானவர்களின் உடலில் கத்தி வைத்தது. அறமில்லாத அந்தச் செயல் அறிவியல் கணக்கிலும் தேறாது. நாஜி அரசு அதைச் செய்தபோதே அந்தக் கணக்கு தெரிந்திருந்தது என்பதுதான் கூடுதல் வேதனை.

ஓங்கு நோய்: இங்கே வேகம் உண்டு

ஒரே ஒரு பழுதான பிரதி வந்தாலே நோய் என்றால் கடத்திகள் என்ற மறைவிடம் கிடையாது. பரம்பரை வகை விழித்திரைப் புற்று இப்படிப்பட்டது. சிகிச்சை இல்லாத காலத்தில் உயிரைக் கொண்டுபோனது. உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் இன்று பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

பயிற்சிக்காக, 50,000 பிறப்புக்கு ஒரு ஓங்கு நோய், முன்பு எல்லாரும் சிறு வயதிலேயே இறந்தார்கள் என்று கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு நோயாளியும் புதிய சடுதி மாற்றம். சிகிச்சையால் அவர்கள் மற்றவர்களைப் போலவே தலா 2 குழந்தைகள் பெற்றால், சராசரியாக ஒரு குழந்தைக்கு நோய் போகும். புதிதாக வருவது ஒன்று, பரம்பரையாக ஒன்று. ஒரே தலைமுறையில் இரண்டு. அடுத்ததில் மூன்று. பத்தாம் தலைமுறையில் 5,000 பிறப்புக்கு ஒன்று. ஒடுங்கு நோயில் 1000 ஆண்டு எடுத்த இரட்டிப்பு இங்கே 25 ஆண்டில் முடிகிறது. ஆனால் தகுதி 0.8-ஆகவே நின்றால் ஏற்றம் ஐந்து மடங்கில் நின்றுவிடும்: 1-ஐ இழப்பு 0.2-ஆல் வகுத்துப் பாருங்கள். பரிசோதனை வசதி உள்ள குடும்பங்கள் கருவிலேயே பார்த்து முடிவெடுத்தால் எண் இன்னும் குறையும். மருத்துவம் ஒரு கையால் கூட்டுவதை மறு கையால் குறைக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கில் எழுத வேண்டும்.

இரண்டு மருந்துகள் எதிரெதிரே இழுக்கும் இடம்

கதிர் அரிவாள் ரத்தசோகையில் ஒரு பிரதி உள்ளவர்களுக்குக் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது. அந்தோணி ஆலிசன் 1954-இல் இதை எடுத்துக்காட்டினார். மலேரியாவால் சாதாரணப் பிரதிகள் மட்டுமே உள்ளவர்களுக்கு இழப்பு 0.1, இரண்டு அரிவாள் பிரதிகள் உள்ளவர்களுக்கு இழப்பு 0.9 என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லீல் நிலைகொள்ளும் இடம் 0.1 ÷ (0.1 + 0.9) = 0.1. நூற்றில் ஒரு குழந்தைக்கு நோய், 18 பேர் கடத்திகள்.

மலேரியாவை மட்டும் ஒழித்தால் பாதுகாப்பின் பயன் போய்விடும். தலைமுறை தலைமுறையாகக் கணக்குப் போட்டால், பத்தாவதில் அல்லீல் ஏறத்தாழ 0.053-க்கு இறங்கும். நோயுள்ள குழந்தை 360 பிறப்புக்கு ஒன்று. மாறாக, பென்சிலினும் ஹைட்ராக்சியூரியாவும் கொடுத்து நோயாளிகளை நன்றாக வாழவைத்தால் இறக்கம் மெதுவாகும். இரண்டும் முழு வெற்றி பெற்றால் அல்லீல் இருந்த இடத்திலேயே நிற்கும். ‘மருத்துவத்தின் விளைவு’ என்று ஒற்றைத் திசையில் பேச முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பல மரபணுக்கள் சேர்ந்த பண்புகளும் வேகச் சோதனையும்

உயரம், இடுப்பெலும்பின் அகலம், கண் பார்வை ஆகியவற்றில் நூற்றுக்கணக்கான மரபணுக்களுக்குப் பங்குண்டு. இங்கே முதலில் செய்ய வேண்டியது வேகச் சோதனை. கிட்டப்பார்வை பல இடங்களில் ஓரிரு தலைமுறைக்குள் பல மடங்காகிவிட்டது. மூக்குக்கண்ணாடி வந்ததால் ‘கெட்ட கண்’ மரபணு பெருகியது என்பது இந்தச் சோதனையில் உடனே தோற்றுவிடும். இப்படிப் பல மரபணுக்கள் சேர்ந்த பண்பில் எந்தத் தேர்வும் அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. வெளிச்சத்தில் இருக்கும் நேரம் குறைந்ததும் அருகில் பார்க்கும் வேலை கூடியதும்தான் காரணங்கள். முதல் வகை நீரிழிவு ஆண்டுதோறும் கூடிவருவதையும் இன்சுலினால் பிழைத்தவர்களின் வாரிசுகள் மேல் போட முடியாது.

சிசேரியன் சற்று நுட்பமானது. 2016-இல் வியன்னாவைச் சேர்ந்த மிட்டரோக்கரும் சக ஆய்வாளர்களும் ஒரு கணித மாதிரியை வெளியிட்டார்கள். குழந்தையின் தலை தாயின் இடுப்புக்குப் பொருந்தாமல் போகும் நிலை, சிசேரியன் பரவிய சில பத்தாண்டுகளில் 10 முதல் 20 சதவீதம் கூடியிருக்கும் என்றது அது. இதைப் படிப்பவர்கள் இரண்டு இடங்களில் இடறுகிறார்கள். ஒன்று, இது ஒப்பீட்டு ஏற்றம்: 3 சதவீதம் 3.3 அல்லது 3.6 ஆவது. இரண்டு, இது மாதிரி தந்த மதிப்பு, யாரும் இடுப்பெலும்புகளை அளந்து கண்டதில்லை. சிசேரியன் விகிதம் ஏறியதையே சான்றாகக் காட்டுவதும் செல்லாது. அதில் மருத்துவமனை வழக்கம், வழக்குப் பயம், தாயின் வயது எல்லாம் கலந்திருக்கின்றன.

தேர்வுக்கு இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது?

1958-இல் மரபியலாளர் ஜேம்ஸ் குரோ தந்த குறியீடு இதற்கு உதவும். இறந்தவர் விகிதத்தைப் பிழைத்தவர் விகிதத்தால் வகுங்கள். அது சாவின் பங்கு. பெரியவர்களின் குழந்தை எண்ணிக்கையின் விலக்க வர்க்கச் சராசரியை (ஒவ்வொருவரின் எண்ணிக்கையும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ, அந்த விலகல்களின் வர்க்கங்களின் சராசரி), சராசரியின் வர்க்கத்தால் வகுத்து, பிழைத்தவர் விகிதத்தாலும் வகுங்கள். அது பிறப்பின் பங்கு. பாதிப் பேர் இறக்கும் சமூகத்தில் சாவின் பங்கு 1. சராசரி 6 குழந்தைகள், விலக்க வர்க்கச் சராசரி 12 என்றால் பிறப்பின் பங்கு 0.67. மொத்தம் 1.67. நூற்றுக்கு 4 பேர் இறக்கும் சமூகத்தில் சாவின் பங்கு 0.04, சராசரி 2, விலக்க வர்க்கச் சராசரி 2 என்றால் பிறப்பின் பங்கு 0.52. மொத்தம் 0.56.

மூன்றில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது, பூஜ்யமாகவில்லை. இடமும் மாறியிருக்கிறது: யார் பிழைக்கிறார் என்பதைவிட யார் எப்போது, எத்தனை பெறுகிறார் என்பதே இப்போது முக்கியம். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாமில் 1948-இல் தொடங்கிய இதய ஆய்வின் தரவுகளை வைத்து 2010-இல் வெளியான ஆய்வும் பெண்களில் தேர்வு நடந்துகொண்டிருப்பதைக் காட்டியது: முதல் குழந்தை சற்று முன்னதாக, மாதவிடாய் நிற்பது சற்றுத் தாமதமாக. குரோவின் எண் உச்சவரம்புதான் என்பதை மறக்காதீர்கள். அந்த வேறுபாட்டில் மரபு வழியாக வரும் பங்கு மட்டுமே பரிணாமமாகும்.

கடைசியாகக் கிருமியின் பக்கம் கணக்குப் போடுங்கள்

மனிதனுக்கு ஒரு தலைமுறை ஆகும் 25 ஆண்டில், நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பெருகும் பாக்டீரியா 6.5 லட்சம் தலைமுறைகளைக் கடந்துவிடும். உடலுக்குள் வேகம் குறைவுதான், ஆனாலும் இடைவெளி மலைக்க வைக்கும். மெத்திசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து 1959-இல் வந்தது. அதை எதிர்க்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா 1961-இல் பதிவாகிவிட்டது.

காசநோய் மருந்துகளில் ஐசோனியசிட்டை எதிர்க்கும் சடுதி மாற்றம் அந்த நோயின் கிருமிகளில் ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒன்று, ரிஃபாம்பிசினை எதிர்ப்பது 10 கோடியில் ஒன்று. நுரையீரலில் குழி விழுந்த நோயாளியிடம் பல கோடிக் கிருமிகள் இருக்கும். ஐசோனியசிட் மட்டும் கொடுத்தால் அதை எதிர்க்கும் கிருமிகள் முதல் நாளே தயாராக இருக்கின்றன. மற்றவை செத்ததும் அந்த இடம் அவற்றுக்குத்தான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டு விகிதங்களையும் பெருக்க வேண்டும்: கோடி கோடியில் ஒன்று. அவ்வளவு கிருமி ஓர் உடலில் இருக்காது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் தருவதன் அடிப்படை இதுதான். நோயாளி ஐசோனியசிட்டை மட்டும் விழுங்கி மற்றவற்றை விட்டுவிட்டால், கணக்கு மறுபடியும் 10 லட்சத்தில் ஒன்றுக்கே திரும்பிவிடுகிறது.