புது வீட்டின் உட்சுவர்: சத்தம் தடுக்க எந்தப் பஞ்சு?

கல்வீட்டில் வளர்ந்த நமக்கு, ரொறன்ரோ பக்கத்தில் வாங்கும் புது வீட்டின் உட்சுவரைத் தட்டினால் டொக் டொக்கென்று கேட்பது விசித்திரமாக இருக்கும். உள்ளே 16 அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம், இரண்டு பக்கமும் ட்ரைவோல் என்ற அரை அங்குல ஜிப்சம் பலகை. நடுவில் வெறும் காற்று. வெளிச்சுவருக்குக் குளிர் தாங்கும் பஞ்சு கட்டாயம். ஒரே வீட்டுக்குள் அறைக்கும் அறைக்கும் நடுவில் உள்ள சுவருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை.

சுவர் எவ்வளவு சத்தத்தைத் தடுக்கிறது என்பதை எஸ்டிசி என்ற எண்ணால் சொல்வார்கள். வெறும் சுவருக்கு அது 33, 34 அளவில் இருக்கும். அடுத்த அறையில் உரத்துக் கதைத்தால் சொல்லே விளங்கும். 50ஐத் தாண்டினால் உரத்த பேச்சுக்கூட அநேகமாகக் கேட்காது.

எங்கள் வீட்டில் மகன் மிருதங்கம் பழகும் அறைக்கு அடுத்த அறைதான் அம்மம்மாவுடையது. குடிபுகுந்த பிறகுதான் இது உறைத்தது. பூசி முடித்த சுவரை உடைத்து, பஞ்சு வைத்து, மறுபடி மூடிப் பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று. அந்தத் தூசியும் செலவும் உங்களுக்கு வேண்டாம். தரை, சமையலறைப் பலகை எல்லாம் தெரிவு செய்யக் கூப்பிடும் நாளிலேயே கட்டுநரிடம் இதையும் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் எந்தெந்தச் சுவர் என்று எழுத்தில் வாங்குங்கள்.

எல்லாச் சுவருக்கும் தேவையில்லை. படுக்கையறைக்கும் டிவி அறைக்கும் நடுவில், குளியலறைக் கழிவுநீர்க் குழாய் இறங்கும் சுவர், உடுப்புத் தோய்க்கும் அறை: இவை போதும். இரவு வேலை செய்து பகலில் தூங்குபவர் இருந்தால் அவருடைய அறைக்கே முதலிடம்.

சரி, எதை வைப்பது? நான் பாறையை உருக்கி இழையாக்கிய கற்பஞ்சையே சொல்வேன். ராக்வூல் நிறுவனத்தின் சேஃப் அண்ட் சவுண்ட் இங்கே பெரிய கடைகளில் கிடைக்கும். 3 அங்குலத் தடிப்பு, சட்டங்களுக்கு நடுவில் தானாகவே இறுகி நிற்கும், தீப்பிடிக்காது. பல் வைத்த பாண் வெட்டும் கத்தியாலேயே அறுக்கலாம். கையுறை, முகமூடி, நீளக்கைச் சட்டை அவசியம். சாதாரணக் கண்ணாடியிழைப் பஞ்சு மலிவு. சத்தத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வித்தியாசம் சிறிதே. கை இறுக்கமாக இருந்தால் அதையே தயங்காமல் வாங்குங்கள். ஆனால் தெர்மகோல் பலகையும் இறுகிக் கெட்டியாகும் ஸ்பிரே ஃபோமும் இந்த வேலைக்கு உதவாது. அவை வெப்பத்தைத்தான் தடுக்கும். பஞ்சில் ஒலி நுழைந்து, இழைகளில் உரசித் தேய வேண்டும். மூடிய குமிழிகளுக்குள் அது நடக்காது. பஞ்சை அமுக்கித் திணிக்காதீர்கள். வெளிச்சுவருக்குப் போடும் பிளாஸ்டிக் தாளும் இங்கே வேண்டாம்.

பஞ்சு மட்டும் வைத்தால் மூன்று நான்கு புள்ளிதான் ஏறும். பேச்சும் டிவியும் மங்கும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து 'தொம்' மங்காது. அதற்குப் பாரம் வேண்டும். ஒரு பக்கம் ரெசிலியன்ட் சானல் என்ற மெல்லிய உலோகப் பட்டையை அடித்து, அதன்மேல் இரண்டு அடுக்கு ட்ரைவோல் போட்டால் 50ஐ நெருங்கலாம். பட்டையைத் தாண்டி ஒரு திருகாணி சட்டத்தில் இறங்கினாலும் அந்த இடத்தில் பலன் போய்விடும். திருகும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

அப்புறம் இடுக்குகள். சுவரின் அடியிலும் மேலும் அக்கூஸ்டிக் சீலன்ட் என்ற, இடுக்கை அடைக்கும் பசையைப் பூசச் சொல்லுங்கள். இரண்டு அறைகளின் மின்செருகிப் பெட்டிகள் முதுகோடு முதுகாக இருந்தால், ஒன்றை அடுத்த சட்ட இடைவெளிக்கு நகர்த்தச் சொல்லுங்கள். கட்டுநர் தரும் கதவு பெரும்பாலும் உள்ளீடற்றது. கனமான கதவும் அடியில் ரப்பர்ப் பட்டையும் போட்ட பிறகுதான் எங்கள் அம்மம்மா மத்தியானத்தில் கண்ணயர்ந்தார்.