ஏடிபி கணக்கில் எங்கே தவறுகிறோம்?

ஏடிபி என்பது செல் தன் வேலைகளுக்குச் செலவிடும் ஆற்றல் மூலக்கூறு. நொதித்தல் என்பது ஆக்சிஜன் இன்றி குளுக்கோஸை ஓரளவு மட்டுமே உடைக்கும் வழி. "ஒரு குளுக்கோஸிலிருந்து காற்றுச் சுவாசத்தில் 38 ஏடிபி, நொதித்தலில் 2 ஏடிபி. ஆகவே நொதித்தலின் திறன் வெறும் 2 சதவீதம்." விடைத்தாள்களில் அடிக்கடி தென்படும் இந்த வரிகளில் இரண்டு பிழைகள் உள்ளன.

முதலில் 38. எலக்ட்ரான்களைச் சுமக்கும் மூலக்கூறுகளான என்ஏடிஎச் ஒன்றுக்கு 3 ஏடிபி, எஃப்ஏடிஎச்2 ஒன்றுக்கு 2 ஏடிபி என்று முழு எண்களாக எடுத்ததால் வந்தது அது. உண்மையில் ஒரு என்ஏடிஎச் தரும் எலக்ட்ரான்கள் 10 புரோட்டான்களை மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்கு வெளியே தள்ளுகின்றன. எஃப்ஏடிஎச்2 என்றால் 6. ஒரு ஏடிபி உருவாகி வெளியே வந்து சேர ஏறத்தாழ 4 புரோட்டான்கள் செலவாகின்றன. அதனால் 2.5, 1.5 என்றே எடுக்க வேண்டும். 10 என்ஏடிஎச்-க்கு 25, 2 எஃப்ஏடிஎச்2-க்கு 3, நேரடியாகக் கிடைப்பவை 4, மொத்தம் 32. கிளைக்காலிசிஸில் (மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே குளுக்கோஸ் உடையும் முதல் கட்டம்) உருவாகும் 2 என்ஏடிஎச்-இன் எலக்ட்ரான்கள் கிளிசரால் பாஸ்பேட் என்ற கடத்தல் வழியில் உள்ளே போனால் ஒவ்வொன்றுக்கும் 1.5 தான் கிடைக்கும். மொத்தம் 30 ஆகிவிடும். எனவே "30 முதல் 32 வரை" என்று எழுதுவதே சரி.

இரண்டாவது பிழைதான் பெரியது. திறன் என்றால் எதை எதால் வகுக்கிறோம்? குளுக்கோஸ் முழுவதும் எரிந்தால் மோலுக்கு 2870 கிலோ ஜூல் வெளிப்படும். 32 ஏடிபியை, ஒரு மோலுக்கு 30.5 கிலோ ஜூல் வீதம் பெருக்கினால் 976. அதாவது 34 சதவீதம். நொதித்தலில் 2 ஏடிபிக்கு 61 கிலோ ஜூல். இதையும் 2870-ஆல் வகுத்தால்தான் அந்த 2 சதவீதம் வருகிறது. ஆனால் குளுக்கோஸ் இரண்டு லாக்டிக் அமிலமாக மாறும்போது வெளிப்படுவதே சுமார் 196 கிலோ ஜூல்தான். அதில் 61 என்றால் 31 சதவீதம்! வெளிப்பட்ட ஆற்றலைப் பிடித்து வைப்பதில் இரண்டு வழிகளும் கிட்டத்தட்ட சமம். மீதி ஆற்றல் வீணாகவில்லை, லாக்டிக் அமிலத்துக்குள்ளேயே இருக்கிறது. இதயத் தசை அதை எரித்துக்கொள்ளும். கல்லீரல் 6 ஏடிபிக்குச் சமமான செலவில் மீண்டும் குளுக்கோஸ் ஆக்கும். அதைக் கழிவு என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை: 30.5 என்பது தரநிலை மதிப்பு, அதாவது நிர்ணயிக்கப்பட்ட ஆய்வகச் செறிவுகளுக்கானது. உயிருள்ள செல்லில் ஏடிபியின் மதிப்பு சுமார் 50 கிலோ ஜூல். மேலே செல்லின் மதிப்பும் கீழே தரநிலை மதிப்புமாகக் கலந்து வகுத்தால் சதவீதம் எகிறிவிடும்.

லாக்டிக் அமிலம் உருவாகும் படியில் ஏடிபி கிடைப்பதாகவும் பலர் எழுதுகிறார்கள். அந்தப் படியில் ஒன்றுகூடக் கிடைக்காது. என்ஏடிஎச்-ஐ மீண்டும் என்ஏடி ஆக்குவதுதான் அதன் வேலை; அது நின்றால் கிளைக்காலிசிஸும் நின்றுவிடும். கிரப்ஸ் சுழற்சியும் (கிளைக்காலிசிஸுக்குப் பின் மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கும் கட்டம்) ஆக்சிஜனை நேரடியாகத் தொடுவதில்லை, ஆக்சிஜன் இல்லாதபோது என்ஏடி தீர்ந்துபோவதால்தான் முடங்குகிறது.

ஆக்சிஜன் இருந்தாலே 32 கிடைக்கும் என்பதும் தவறு. சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா இல்லை. ஆக்சிஜனைச் சுமந்து திரியும் அந்தச் செல்லுக்கு எப்போதும் நிகரமாக 2 தான். தசையில் தொடக்கப் பொருள் கிளைக்கோஜன் (சேமித்து வைத்த குளுக்கோஸ் சங்கிலி) என்றால் நொதித்தலிலும் 3 வரும், முதல் ஏடிபி செலவு மிச்சமாவதால்.

நொதித்தலையும் காற்றில்லாச் சுவாசத்தையும் ஒன்றாக்க வேண்டாம். நைட்ரேட்டையோ சல்ஃபேட்டையோ எலக்ட்ரான் ஏற்பியாகக் கொண்ட பாக்டீரியாக்களில் எலக்ட்ரான்களைக் கைமாற்றிப் புரோட்டான்களைத் தள்ளும் எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி உண்டு. ஆகவே அங்கே 2 ஏடிபிக்கு மேலும் கிடைக்கும்.