கணக்குக் கேட்டால் பகையா?

"அண்ணாச்சி நல்ல மனுசன், அவரப் போயா கணக்கு கேக்கது?" குளச்சல் முதல் தூத்தூர் வரை, பந்து உருளுகிற எந்தக் கடற்கரையிலும், ஊர்க் கால்பந்துச் சங்கத்தை நடத்துகிறவரைப் பற்றி இந்தப் பேச்சு காதில் விழும். நாம் செய்கிற முதல் தவறு இதுதான்.

அண்ணாச்சி முதல் பந்தைத் தன் கைக்காசில் வாங்கியிருப்பார். யாரும் மறுக்கவில்லை. ஆனால் போன போட்டிக்கு எவ்வளவு நன்கொடை வசூலானது, நடுவர்களுக்குக் கொடுத்தது எவ்வளவு என்ற கேள்விக்கு அவருடைய நல்ல குணம் பதிலாகாது. சொல்லப்போனால், நோட்டில் எழுதிய கணக்கு முதலில் காப்பாற்றுவது நேர்மையான ஆளைத்தான்.

அடுத்தது கையெழுத்து. இதில் நானும் குற்றவாளி. டீக்கடையில் நின்ற என்னிடம், சங்கக் கூட்டத்தின் தீர்மானங்களை எழுதும் மினிட்ஸ் நோட்டை நீட்டி, "சும்மா ஒரு ஒப்பு போடுங்க" என்றார்கள். போட்டேன். தேதியும் இல்லை, மேலே ஒரு வரியும் இல்லை. சில மாதம் கழித்துப் பார்த்தால், வரவு செலவைப் பொதுக்குழு ஒருமனதாக ஏற்றதாக அதே பக்கத்தில் தீர்மானம். கூட்டமே நடக்கவில்லை. கேள்வி கேட்கப் போன நானே அதற்குச் சாட்சி!

வீரர்களின் பெற்றோர் வாய் திறக்காததற்குக் காரணம் வேறு. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. விளையாடியதற்கான சான்றிதழில் சங்கக்காரர் கையெழுத்து வேண்டும். அவரைப் பகைத்தால் பிள்ளையின் வாழ்க்கை போய்விடுமோ என்ற பயம். இந்தப் பயத்தைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சான்றிதழை, போட்டி முடிந்த கையோடு நகலெடுத்து வைக்காமல் வேலை விண்ணப்பத்தின்போது தேடிப்போவது தவறுதான். அப்போதுதான் அவர் கை ஓங்குகிறது.

ஒரே ஆளை நாற்காலியில் விட்டுவைப்பதன் விலையை நாடே பார்த்தது. 2011 தேசிய விளையாட்டு விதித்தொகுப்பின்படி விளையாட்டுக் கூட்டமைப்பின் தலைவர் பதவிக்கு உச்சவரம்பு 12 ஆண்டாக இருந்தது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பில் அந்த வரம்பு தாண்டியும் தேர்தல் நடக்கவில்லை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூட்டமைப்பை நடத்த ஒரு நிர்வாகக் குழுவை நியமித்தது. வெளியார் தலையீடு என்று உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா ஆகஸ்டில் இந்தியாவை இடைநீக்கம் செய்து, 26ஆம் தேதிதான் தடையை விலக்கியது. அதற்குள், ஆசிய கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தான் போய் இறங்கிய கோகுலம் கேரளா பெண்கள் அணி, ஒரு ஆட்டமும் ஆடாமல் திரும்பியது. பதவியில் இருந்தவர்கள் செய்த தாமதத்துக்கு ஆடப்போன பெண்கள் தண்டம் கட்டினார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் சண்டை போடுவதால் ஒரு ரூபாய் கணக்கும் வெளியே வராது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 நம் கையில் இருக்கிறது. பதிவு பெற்ற சங்கம் ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் எழுதிக் கொடுத்தால் பதிவாளர் விசாரணை நடத்தலாம்.

சிக்கல் 'உறுப்பினர்' என்ற சொல்லில் இருக்கிறது. ஜெர்சிக்கும் கோப்பைக்கும் பணம் கொடுக்கிற நாம் சந்தா கட்டி ரசீது வாங்குவதில்லை. உறுப்பினர் பட்டியலை வாங்கிப் பாருங்கள்: அண்ணாச்சியின் மச்சான், மருமகன், கடைப் பையன்.