பல் எடுத்த பிறகு கன்னம் வீங்கினால்: எத்தனையாவது நாள் என்பதைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி?

நாகர்கோவிலில் எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லை, எலும்பைக் கொஞ்சம் அராவித்தான் எடுத்தார்கள். மறுநாள் காலை கண்ணாடியைப் பார்த்தால், ஒரு பக்கம் முழு நெல்லிக்காயை அடக்கியது போல் கன்னம். "மக்களே, வெந்நீர் ஒத்தடம் வை, வத்திரும்" என்றார் என் பெரியம்மை (பெரியம்மா). அன்றைக்கு அதுதான் கூடாது.

படி 1: நேரத்தைக் குறியுங்கள். பல் எடுத்த மணியைச் சீட்டின் பின்னால் எழுதுங்கள். காலையும் மாலையும் ஒரே வெளிச்சத்தில் முகத்தைப் படம் எடுங்கள். காயத்தைச் சுற்றி நீர் கசிந்து வரும் சாதாரண வீக்கம் 2, 3ஆம் நாள் வரை ஏறும். பிறகு இறங்கும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் வடிந்துவிடும். எலும்பை எவ்வளவு அராவினார்களோ அவ்வளவு வீங்கும்.

படி 2: முதல் நாள் ஐஸ். தோர்த்தில் (துண்டில்) சுற்றி, கன்னத்தின் வெளியே 20 நிமிடம் வையுங்கள், 20 நிமிடம் எடுங்கள். தோலில் நேரடியாக வைத்தால் புண்ணாகும். மீன் பெட்டி ஐஸ் வேண்டாம், சொல்லிவிட்டேன்! இரவில் இரண்டு தலையணை. இளநீர் குடிக்கலாம், ஸ்ட்ரா மட்டும் வேண்டாம். உறிஞ்சினால் குழியில் உறைந்த ரத்தம் பிடுங்கி வந்துவிடும். வெற்றிலை பாக்கு, பீடிக்கும் விடுமுறை. ஆறிய கஞ்சியும் மசித்த மட்டி வாழைப்பழமும் போதும்.

படி 3: மறுநாளிலிருந்து இளஞ்சூடான உப்பு நீரை வாயில் வைத்து மெதுவாகச் சாய்த்துவிடுங்கள், துப்ப வேண்டாம். பெரியம்மையின் ஒத்தடத்துக்கு 48 மணி நேரம் கழிந்து, காய்ச்சலோ சீழோ இல்லாவிட்டால் இடம் உண்டு.

படி 4: படங்களை ஒப்பிடுங்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

நீலம் பாரித்து, பிறகு மஞ்சளாகிக் கழுத்து வரை இறங்கினால் தோலுக்கடியில் ரத்தம் கட்டியிருக்கிறது. தானாகக் கரையும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வடியத் தொடங்கிய வீக்கம் 4ஆம் நாளுக்கு மேல் திரும்ப ஏறினால் கிருமித் தொற்றைச் சந்தேகியுங்கள். காய்ச்சல், வாயில் கெட்ட ருசி, சீழ், வாய் திறக்க முடியாமை கூட வரும். ஆன்டிபயாடிக்கை நீங்களே மருந்துக்கடையில் வாங்காதீர்கள். சீழைத் திறந்துவிட வேண்டியிருக்கலாம்.

வீக்கமே இல்லாமல் 3ஆம் நாள் காதுவரை வலி தெறித்தால், அது வேறு கதை: குழியில் ரத்தக்கட்டி கழன்று எலும்பு தெரிகிறது. அதற்கும் டாக்டரிடம் போக வேண்டும், பயப்பட வேண்டாம்.

பல் எடுத்த கொஞ்ச நேரத்திலேயே கன்னம் உப்பி, விரலால் தொட்டால் பப்படம் நொறுங்குவது போல் நறநறத்தால், டிரில்லின் காற்று தோலுக்கடியில் புகுந்திருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் அன்றே காட்ட வேண்டும். மூக்கைச் சீந்தாதீர்கள்.

உதடு, நாக்கு, கண்ணிமை எல்லாம் சேர்ந்து வீங்கி, உடம்பெங்கும் தடிப்பும் அரிப்பும் வந்தால் மருந்து ஒவ்வாமை. தாடைக்கு அடியில் கட்டையாக இறுகி, நாக்கு மேலெழும்பி, எச்சில் விழுங்க முடியாமல், மூச்சு முட்டினால் தொற்று கழுத்துக்கு இறங்குகிறது. இந்த இரண்டிலும் காலை வரை காத்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிட்டு, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ பக்கத்தில் எதுவோ, நேரே போங்கள். சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டையும் நேரம் எழுதிய சீட்டும் கையில் இருக்கட்டும்.